வலையும் கயிறும்

பாக்கம், பட்டினம் என்னும் சொற்கள் இரண்டும் நெய்தல் நிலத்து ஊர்களைக் குறிப்பன. கடலையே வயலாகக் கொண்டு வாழும் மக்களின் குடியிருப்புகளுக்கு நம் முன்னோர் இட்டு வழங்கிய பெயர்கள் அவை. செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில் இவ்விரு பெயர்களும் அருகருகே நின்று நிலவக் காணலாம். வடக்கே பல்லவர் கலை விளங்கும் மாமல்லபுரம். தெற்கே பாலாறு கடலொடு கலக்கும் கழிமுகம். இடையே ஒரு பாக்கமும் ஒரு பட்டினமும் உள்ளன. பாக்கம், கல்பாக்கம், பட்டினம், சதுரங்கப்பட்டினம். முன்னதில் அணுவைப் பிளந்து மின்னாற்றல் ஆக்குகின்றனர். அங்குள்ள அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வணிக முறையில் மின்னாக்கத்தைத் தொடங்கியது. பின்னதில் டச்சுக்காரர் கட்டிய கோட்டையின் மதில்கள் கடற்காற்றில் தேய்ந்து நிற்கின்றன.

அப்பகுதியில் பல்லாண்டுகள் தமிழாசிரியனாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற பின்னரும் மாணவர் என்னை விட்டாரில்லை. நானும் அவர்களை விட்டேனில்லை. மாலை வேளைகளில் என் வீட்டுத் திண்ணை ஒரு சிறு பள்ளியாக மாறிவிடும். அணுமின் நிலையக் குடியிருப்பிலிருந்து மிதிவண்டியில் வருவோர் சிலர். மீனவர் குப்பத்திலிருந்து மணலில் நடந்து வருவோர் சிலர். மாமல்லபுரத்துக் கற்சிற்பியர் வீட்டுப் பிள்ளைகள் இருவர். 2022ஆம் ஆண்டில் இவ்வாறு ஒன்பது பேர் என்னிடம் வந்து சேர்ந்தனர். அனைவரும் பதினோராம் வகுப்பினர். அவர்களை ஒருங்கே என் திண்ணைக்குக் கொண்டுவந்தது ஒரு தேர்வு.

அவ்வாண்டுதான் தமிழ்நாடு அரசு, ‘தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு’ என்னும் புதிய தேர்வைத் தொடங்கியது. பதினோராம் வகுப்பில் பயில்வோர் அதனை எழுதலாம். பத்தாம் வகுப்புத் தமிழ்ப்பாடமே அதற்கு அடிப்படை. தேர்ந்தெடுக்கப்பெறும் 1500 மாணவர்க்கு மாதந்தோறும் 1500 ரூபாய் இரண்டு ஆண்டுகளுக்கு வழங்கப்பெறும். அவருள் சரிபாதியினர் அரசுப் பள்ளி மாணவராய் இருப்பர். மாதம் 1500 ரூபாய் எனின், இரண்டு ஆண்டில் 36,000 ரூபாய். செல்வர் வீட்டில் இஃது ஒரு சிறு தொகையாகத் தோன்றலாம். கூடையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக மீன் விற்கும் தாயின் மகளுக்கு அது நூலாகும், பேருந்துக் கட்டணமாகும், ‘படித்தது போதும்’ என்னும் சொல் வீட்டில் எழாமல் காக்கும் அரணுமாகும்.

அத்தேர்வில் செய்யுள் வினாக்களும் உரைநடை வினாக்களும் உண்டு. அவற்றைக் கண்டு என் மாணவர் அஞ்சினாரல்லர். அவர்கள் அஞ்சியது இலக்கணத்திற்கே. ‘இலக்கணக் குறிப்புத் தருக’, ‘பிரித்து எழுதுக’, ‘பிழையற்ற தொடரைத் தேர்க’, ‘பொருந்தாத ஒன்றைச் சுட்டுக’ என்றெல்லாம் வினாக்கள் வரும். ஒவ்வொன்றின் கீழும் நான்கு விடைகள் நிற்கும். நான்கும் மெய்போலவே தோன்றும். உண்மை ஒன்று, ஏனைய மூன்றும் வேடம் புனைந்தவை.

விடைகளைத் தந்து ஒன்றைத் தெரிந்தெடுக்கச் சொல்லும் முறை அண்மைக் காலத்தது. தேர்வு வைத்துத் தகுதி அறியும் வழக்கமோ மிகப் பழையது. சீன நாட்டில் அரசு அலுவலரைத் தேர்ந்தெடுக்கப் பன்னூறு ஆண்டுகளாக நடந்துவந்த எழுத்துத் தேர்வு 1905ஆம் ஆண்டில்தான் நிறுத்தப்பட்டது. நம் நாட்டில், பாண்டித்துரைத் தேவர் 1901ஆம் ஆண்டில் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம், பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் எனப் படிப்படியான தமிழ்த் தேர்வுகளை நடத்திற்று. அமெரிக்காவில் கல்லூரிகளில் சேர விரும்புவோர்க்கென 1926ஆம் ஆண்டில் ஒரு பொதுத் திறனறித் தேர்வு தொடங்கப்பட்டது. அஃது இன்றும் நடைபெறுகின்றது; எழுவாய்க்கு ஏற்ற பயனிலை எது என்று அங்குள்ள மாணவரும் ஆங்கிலத்தில் தேடித் தவிக்கின்றனர். ஆகவே, இலக்கண வினாவைக் கண்டு மயங்குவது நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்ந்த ஒன்றன்று.

வந்த ஒன்பது பேரும் முதல் நாளிலேயே தத்தம் பையிலிருந்து ஒவ்வொரு வினாவிடை நூலை எடுத்து வைத்தனர். ஒன்றில் ஆயிரம் வினாக்கள் இருந்தன; மற்றொன்றில் மூவாயிரம் வினாக்கள். “ஐயா, இவற்றை மனப்பாடம் செய்துவிட்டால் போதுமா?” என்று ஒருவன் வினவினான். “தம்பி, மூவாயிரத்து ஒன்றாவது வினா வந்தால் என் செய்வாய்?” என்று நான் கேட்டேன். அவன் விடை கூறவில்லை. நூல்களை மூடிவைக்கச் சொன்னேன். “நம் ஊர்ப் பெயரிலிருந்து தொடங்குவோம்” என்றேன்.

சதுரங்கப்பட்டினம் என்னும் பெயரைப் பிரித்தால் சதுரங்கம், பட்டினம் எனப் பிரியும். இரண்டும் சேரும்பொழுது ஈற்றிலுள்ள மகர மெய் கெடுகின்றது. பகர ஒற்று மிகுகின்றது. மரம் என்பதும் கலம் என்பதும் சேர்ந்து மரக்கலம் ஆவதும் இவ்வாறே. இதனைச் சொன்னவுடன் மாணவர் தாமாகவே குளக்கரை, பழச்சாறு, பணப்பை என அடுக்கிக்கொண்டே போயினர்.

கல்பாக்கம் என்னும் பெயரோ அவர்களைச் சிந்திக்க வைத்தது. கல் என்பதனோடு சிலை சேர்ந்தால் கற்சிலை. கடல் என்பதனோடு கரை சேர்ந்தால் கடற்கரை. வேற்றுமைப் புணர்ச்சியில் லகர மெய்யின்முன் வல்லினம் வந்தால் லகரம் றகரமாகத் திரிவது விதி. அங்ஙனமாயின், நம் ஊர் கற்பாக்கம் என்றல்லவா இருத்தல் வேண்டும்? சிற்பியின் மகன் இவ்வினாவை எழுப்பினான். நான் மகிழ்ந்தேன். நூலில் அச்சிடப்பெறாத வினா ஒன்று என் திண்ணையில் பிறந்துவிட்டது!

“பல்லுக்கு இடும் பொடியை வீட்டில் எவ்வாறு சொல்கின்றாய்?” என்று கேட்டேன். “பல்பொடி என்கின்றோம். எழுதும்பொழுது பற்பொடி” என்றான். “ஊர்ப்பெயரும் அத்தகையதே. தலைமுறை தலைமுறையாக மக்கள் நாவில் நின்ற வடிவத்திலேயே அது நிலைத்துவிட்டது. செங்கல்பட்டு என்பதையும் நோக்குக. விதியை அறிந்தவனுக்கே விதியிலிருந்து விலகி நிற்கும் சொல் எது என்பது தெரியும்” என்று விளக்கினேன். ஊர்ப்பெயர்கள் வழக்கில் சுருங்கி வருவதும் உண்டு. தஞ்சாவூர் தஞ்சை ஆயிற்று. திருநெல்வேலி நெல்லை ஆயிற்று. கோயம்புத்தூர் கோவை ஆயிற்று. அவ்வாறு மருவி வந்த பெயரை மரூஉ என்பர். நம் மாமல்லபுரத்தை மல்லை என்று அழைப்பதும் அவ்வகையினதே.

அன்று முதல் கடற்கரையே எங்கள் இலக்கண நூலாயிற்று. வலை, படகு, காற்று, அலை, சிலை, உளி என ஊரில் வழங்கும் சொற்களையே எடுத்து ஆராய்ந்தோம்.

ஒருநாள் கரும்பலகையில் ஒரு வினா எழுதினேன். ‘வினைத்தொகை அல்லாதது எது? ஊறுகாய், கட்டுமரம், பாய்மரம், சுடுசோறு.’ வினைத்தொகை என்பது காலம் கரந்த பெயரெச்சம். ஊறுகாய் என்னும்பொழுது ஊறின காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலத்திற்கும் அது பொருந்தும். காலம் காட்டும் உறுப்போ சொல்லில் வெளிப்படாது. இதனை மாணவர் முன்பே படித்திருந்தனர். ஆயினும் வினாவிடை நூல் அவர்களுக்கு ஒரு குறுக்குவழியைக் கற்பித்திருந்தது. முதற்சொல் வினைப்பகுதியாக இருந்தால் அது வினைத்தொகை என்பதே அக்குறுக்குவழி. ஊறு, கட்டு, பாய், சுடு ஆகிய நான்கும் வினைப்பகுதிகளே. “ஐயா, நான்குமே வினைத்தொகைதாம். வினாவில் ஏதோ பிழை இருக்கின்றது” என்று பலரும் கூறினர்.

திண்ணையின் ஓரத்தில் மீனவர் குப்பத்து மாணவி ஒருத்தி அமர்ந்திருந்தாள். அவள் அதிகம் பேசாதவள். தன் வீட்டுப் பேச்சைக் கேட்டுப் பிறர் நகைப்பர் என்னும் கூச்சம் அவளுக்கு இருந்தது. அவள் மெல்லத் தலையை நிமிர்த்தினாள். “ஐயா, மரம் எப்படிப் பாயும்? பாய் கட்டுகிற மரமல்லவா அது?” என்றாள்.

திண்ணை முழுவதும் ஒரு கணம் அமைதி நிலவியது. அவள் கூறியதே சரியான விடை. கட்டுமரம் என்பது கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என விரியும். ஆகவே அது வினைத்தொகை. பாய்மரம் என்பதைப் பாய்ந்த மரம், பாய்கின்ற மரம், பாயும் மரம் என விரித்தால் பொருள் நகைப்புக்கு இடமாகின்றது. காற்றை ஏற்கும் பாயைத் தாங்கி நிற்கும் மரமே பாய்மரம். ஆகவே, அஃது இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. குறுக்குவழி ஏமாற்றிய இடத்தில் அவளுடைய பாட்டனின் படகு அவளுக்கு வழிகாட்டியது.

“இதற்கு இன்னொரு சான்றும் உண்டு” என்று தொடர்ந்தேன். “வினைத்தொகையில் வல்லொற்று மிகாது. ஊறுகாய் என்கின்றோம்; ஊறுக்காய் என்று எவரும் சொல்வதில்லை. சுடுசோறு என்கின்றோம்; சுடுச்சோறு என்பதில்லை. ஆனால், பாய் விரித்துச் செல்லும் கப்பலைப் பாய்க்கப்பல் என்றே வழங்குகின்றோம். அங்கே ககர ஒற்று மிகுந்திருக்கின்றது. அந்த ஒற்று நம்மிடம் என்ன சொல்லுகின்றது? ‘இங்குள்ள பாய் வினையன்று, பெயர்’ என்று சாட்சி சொல்லுகின்றது.” மாணவரின் கண்கள் விரிந்தன. ஓர் ஒற்றெழுத்துக்கு இத்துணைப் பொருளா என்று அவர்கள் வியந்தனர். கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலத்திலும் சென்று வழங்குகின்றது என்பதையும் அன்று அவர்களுக்குக் கூறினேன். அதன்பின் அம்மாணவியின் பேச்சைக் கேட்டு நகைத்தவர் எவருமிலர்.

மற்றொரு நாள், மாமல்லபுரத்தில் உயர்ந்து நிற்கும் கலங்கரை விளக்கத்தைப்பற்றிப் பேச்சு வந்தது. கலங்கரை என்பதில் உள்ள கரை எது? ‘கடலின் கரை’ என்றே அனைவரும் எண்ணியிருந்தனர். காகம் கரைகின்றது என்கின்றோமே, அந்தக் கரைதல் அது. கரைதல் என்பது அழைத்தல். கலங்களை அழைக்கும் விளக்கம் ஆதலின் கலங்கரை விளக்கம் ஆயிற்று. இரவில் வழி தெரியாது தவிக்கும் மரக்கலத்தை ‘இங்கே வா’ என்று ஒளியால் அழைக்கின்றது! ஒரு சொல்லைச் சரியாகப் பிரித்தால் அதனுள் ஒரு காட்சியே விரியும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

சில சொற்களைப் பிரிப்பது எளிதன்று. விதி கடினம் என்பதால் அன்று. பண்புப்பெயர்ப் புணர்ச்சிக்கு எடுத்துக்காட்டாகப் பேரலை என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன். பெருமை, அலை எனப் பிரித்தேன். ‘மை’ விகுதி கெட்டது, முதலெழுத்து நீண்டது, ஈற்று உகரம் நீங்கியது, எஞ்சிய மெய்யின்மீது உயிர் ஏறிப் பேரலை ஆயிற்று. பேராசிரியர், பேரூர், பேரருவி எல்லாம் அங்ஙனமே வருவன. நான் திரும்பிப் பார்த்தபொழுது குப்பத்துப் பிள்ளைகள் எழுதாமல் அமர்ந்திருந்தனர். “ஐயா, எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டார்கள்” என்றான் ஒருவன். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலையில் இக்கடற்கரையை ஆழிப்பேரலை தாக்கியது. இப்பிள்ளைகள் அதன்பின் பிறந்தவர்கள். ஆயினும் அவர்கள் வீட்டுச் சுவர்களில் மாலையிட்ட படங்கள் தொங்குகின்றன. நான் அச்சொல்லை அழித்துவிட்டுப் பேரூர் என்று எழுதினேன். சிறிது நேரங்கழித்து அவனே எழுந்து வந்து, அதனருகில் பேரலை என்று எழுதி, முறைப்படி பிரித்தும் காட்டினான். அவன் கை சற்றே நடுங்கியது, விடை பிழையற்றிருந்தது.

தொடர்ப்பிழை நீக்கும் பயிற்சியையும் அவ்வாறே செய்தோம். ‘அலைகள் கரையில் மோதியது’ என்னும் தொடர் பிழையுடையது; எழுவாய் பன்மையாதலின் ‘மோதின’ என்றே வருதல் வேண்டும். நீண்ட தொடர்களில் எழுவாய் ஓரிடத்திலும் பயனிலை வேறிடத்திலும் விலகி நிற்கும். ‘புயலுக்குப் பின் கரையில் ஒதுக்கப்பட்ட படகுகளுள் ஒன்று பழுதடைந்தன’ என எழுதினால் பலரும் பிழையைக் காணார். படகுகள் என்னும் சொல் இடையே நின்று கண்ணை மறைக்கும். ஆனால், பழுதடைந்தது ஒன்றே. ‘எது? எவை?’ என்று ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் மறைப்பு விலகிவிடும்.

ஒலி வேறுபாட்டிற்கும் எங்கள் கடல் துணை நின்றது. வலி என்பது வலிமை. வழி என்பது நெறி. வளி என்பது காற்று. கடலுக்குச் செல்பவர்க்கு இம்மூன்றும் வேண்டும். துடுப்புப் போடுவதற்கு வலி வேண்டும். கரை திரும்புவதற்கு வழி தெரிதல் வேண்டும். புறப்படுமுன் வளியின் போக்கை அறிதல் வேண்டும். இவ்வாறு ஒரு வாழ்க்கையோடு சேர்த்துக் கற்ற மூன்று சொற்களும் அவர்கள் நெஞ்சில் தனித்தனியே நின்றன. பின்னர் லகர, ழகர, ளகரங்களில் அவர்கள் தடுமாறவில்லை.

ஒற்று மிகும் இடம், மிகா இடம் என்பன மாணவர்க்குப் பெருங்காடாகத் தோன்றும். அக்காட்டிலும் தெளிவான பாதைகள் உண்டு. ‘சிலையைச் செதுக்கினான்’ என்று இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்பட்டு நின்றால் ஒற்று மிகும். ‘சிலை செதுக்கினான்’ என்று உருபு மறைந்து நின்றால் ஒற்று மிகாது. ஒற்றைப் பிழையாக இட்டால் பொருளே மாறிவிடும். ‘தந்த பலகை’ என்பது ஒருவர் கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ என்பது யானைத் தந்தத்தால் ஆகிய பலகை. ‘வலை கயிறு’ என்பது உம்மைத்தொகை. வலையும் கயிறும் எனப் பொருள்படும். ‘வலைக்கயிறு’ என்பது வேற்றுமைத்தொகை. வலையினது கயிறு எனப் பொருள்படும். முன்னதில் இரண்டு பொருள்கள். பின்னதில் ஒரே பொருள். இடையில் நிற்பதோ ஒரு புள்ளி வைத்த எழுத்து!

தேர்வுக்கு ஆயத்தமாகும் முறையைப்பற்றியும் இங்குச் சில சொல்லுதல் பொருந்தும். நாங்கள் கைக்கொண்டவை எளிய பழக்கங்களே. ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டனர். நாள்தோறும் தம் வீட்டிலும் தெருவிலும் கேட்ட ஐந்து சொற்களை அதில் எழுதினர், ஒவ்வொன்றையும் பிரித்தனர், விதியைத் தம் சொற்களால் குறித்தனர். ஐந்து சொற்கள் சிறிய அளவே. ஆயினும் அறுபது நாளில் அவை முந்நூறு ஆகும். அம்முந்நூறும் பிறர் தொகுத்துத் தந்தவை அல்ல; தாமே தேடிப் பெற்றவை. தேடிப் பெற்ற செல்வம் எளிதில் தொலையாது.

வினாவை எதிர்கொள்ளும்பொழுது, கீழே உள்ள நான்கு விடைகளையும் முதலில் கையால் மறைத்துக்கொள்ளச் சொன்னேன். தம் விடையை மனத்தில் உறுதி செய்துகொண்ட பின்னரே கையை எடுத்தல் வேண்டும். முன்னரே விடைகளைப் பார்த்தால், பொய்யான மூன்றும் மெய்யான ஒன்றை மறைக்க முயலும். விடை உறுதிப்படவில்லையாயின், தொகையை விரித்துப் பார்த்தல் வேண்டும். பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாக நீக்குதல் வேண்டும். ‘பொருந்துவது எது’ என்பதற்கும் ‘பொருந்தாதது எது’ என்பதற்கும் இடையே உள்ள வேற்றுமையைக் காணாது மதிப்பெண் இழப்போர் பலர். வினாவிலுள்ள எதிர்மறைச் சொல்லின்கீழ் ஒரு கோடு இடுதல் நன்று. ஒரு வினாவிலேயே தங்கிவிடுதலும் கூடாது. காற்று வீசும்பொழுது படகைச் செலுத்துபவன் ஒரே அலையோடு போராடிக்கொண்டிருப்பதில்லை.

அக்டோபர்த் திங்களில் தேர்வு நடைபெற்றது. பின்னர் அதன் முடிவும் வெளிவந்தது. ஒன்பது பேருள் ஒருவன் பெயர் தேர்ந்தெடுக்கப்பெற்றோர் பட்டியலில் இருந்தது. அவன் சிற்பியின் மகன். பாய்மரத்திற்கு விடை கூறிய மாணவியின் பெயர் அதில் இல்லை. அவள் அழுதாளோ, அறியேன். மறுநாள் மாலை வழக்கம்போல் வந்து தன் இடத்தில் அமர்ந்தாள், “இன்று எதனைப் படிக்கின்றோம் ஐயா?” என்று கேட்டாள். ஆயிரக்கணக்கானோர் எழுதும் தேர்வில் 1500 பேருக்கே இடம் உண்டு. இடம் கிடைக்காதவரெல்லாம் கல்லாதவர் ஆகார். ஆனால், இதனை வாயால் சொல்வது எளிது. அவள் வீட்டின் வரவையும் செலவையும் நோக்கும்பொழுது சொல்வது அரிது. ஆகவே நான் ஆறுதல் ஏதும் கூறவில்லை. நூலை எடுத்துப் பாடத்தைத் தொடங்கினேன்.

அவள் கற்றது வேறோரிடத்தில் பயன்பட்டது. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இரவு, மாண்டஸ் என்னும் புயல் மாமல்லபுரத்தின் அருகே கரையைக் கடக்கத் தொடங்கியது. கரையோர ஊர்களில் படகுகளும் வலைகளும் சேதமுற்றன. அவள் குடும்பமும் தன் வலையையும் கயிற்றையும் இழந்தது. நிவாரணம் வேண்டி மனு எழுதவேண்டிய நிலை வந்தது. அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் அன்போடு மனுவை எழுதிக் கொடுத்தார். கையொப்பம் இடுமுன் தந்தையார் அதனை மகளிடம் தந்து, “ஒருமுறை படித்துச் சொல், அம்மா” என்றார்.

அவள் படித்தாள், ஓரிடத்தில் நின்றாள். ‘புயலில் எங்கள் வலைக்கயிறு முழுவதும் அழிந்துவிட்டது’ என்று அதில் எழுதியிருந்தது. “அப்பா, நாம் இழந்தது கயிறு மட்டுமா?” என்று கேட்டாள். “வலையே போய்விட்டதே, அம்மா! கயிற்றைப்பற்றி யார் கவலைப்படுகிறார்?” என்றார் அவர். “இந்த மனுவில் வலை இல்லை, அப்பா, கயிறுதான் இருக்கிறது” என்றாள் மகள். பெரியவர் அதனைக் கேட்டு வியந்தார். “வலை கயிறு என்று நாம் எப்போதும் சேர்த்துத்தானே சொல்லுகிறோம்?” என்றார். “சொல்லும்போது இரண்டும் தெரிகிறது, தாத்தா. இந்தக் ககர ஒற்றைச் சேர்த்ததும் வலை போய்க் கயிறு மட்டும் நிற்கிறது” என்று அவள் பணிவோடு கூறினாள். ஒற்றை அடித்துவிடுவதோடு அவள் நிறுத்தவில்லை. உம்மை மறைந்திருந்தால் படிப்பவர் மீண்டும் மயங்கக்கூடும் எனக் கருதினாள். ஆகவே உம்மையை விரித்து, ‘எங்கள் வலையும் கயிறும் முழுவதும் அழிந்துவிட்டன’ என்று திருத்தினாள். எழுவாய் பன்மையானதால் பயனிலையையும் பன்மையாக்கினாள்.

மறுநாள் அவள் இதனை என்னிடம் கூறியபோது, பெருமையாகக் கூறவில்லை, “அழிந்துவிட்டன என்பது சரிதானே, ஐயா?” என்று ஐயம் கேட்பவள் போலவே கூறினாள். “மிகச் சரி” என்றேன். உம்மைத்தொகையையும் வேற்றுமைத்தொகையையும் பற்றி எத்தனையோ ஆண்டுகள் கற்பித்திருக்கின்றேன். அத்தொகைகளுக்கு இடையே ஒரு குடும்பத்தின் உடைமை ஊசலாடக் கண்டது அன்றுதான்.

அன்பு மாணவர்களே! உங்கள் முன்னும் தேர்வுகள் பல காத்திருக்கின்றன. பள்ளிப் படிப்பு முடிந்த பின்னரும் இலக்கணம் உங்களைத் தொடர்ந்து வரும். அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வுகளில் தமிழ்த் தகுதியைக் கட்டாயமாக்கி 2021ஆம் ஆண்டு டிசம்பரில் அரசு ஆணை பிறந்தது. அவ்வாணைக்குப் பின் நடந்த நான்காம் தொகுதித் தேர்வில் இருநூறு வினாக்களுள் நூறு தமிழ் வினாக்கள் இடம்பெற்றன. அத்தமிழ்ப் பகுதியில் நூற்றுக்கு நாற்பது விழுக்காடேனும் பெறாதவரின் மறுபகுதி மதிப்பிடப்படாது. எனவே, தேர்வுக்காகவேனும் இலக்கணத்தைக் கற்றுத்தான் ஆகவேண்டும். ஆனால், தேர்வுக்காக மட்டும் கற்பவன் தேர்வு முடிந்ததும் அதனை வாயிலிலேயே விட்டுச் செல்வான். தன் வீட்டுச் சொற்களைக் கொண்டு கற்றவன் வீட்டிற்கே எடுத்துச் செல்வான்.

அம்மாணவி இப்பொழுது அந்த நான்காம் தொகுதித் தேர்வுக்கே படித்துக்கொண்டிருக்கின்றாள். அவளுடைய குறிப்பேடு மூன்றாவது ஏடாக வளர்ந்திருக்கின்றது. ஊரில் யார் மனு எழுதினாலும், அஃது அலுவலகம் செல்லுமுன் அவள் கைக்கு ஒருமுறை வந்துவிடுகின்றது.